உஷார்! நடுவில் இருக்கும் புள்ளி நீங்களாகவும் இருக்கலாம்

படம் திரையில் விழுந்ததுமே அறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கறுப்புப் பின்னணியில் முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி ஆயிரக்கணக்கில் கோடுகள். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் யார் யாருக்கு மெயில் போகிறது என்று மூன்று மாதக் கணக்கை எடுத்து வரைந்த படம் அது. நிறைய மெயில் போய்வந்தால் புள்ளி பெருக்கும், அடிக்கடி எழுதிக்கொள்கிறவர்கள் பக்கம் பக்கமாக வந்து நிற்பார்கள். மேனேஜர்கள் எல்லாரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்த் தங்கள் பேரைத் தேடினார்கள். பிளஸ் டூ ரிசல்ட் ஒட்டிய அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் பார்த்த கூட்டம் ஞாபகம் வந்தது.

நட்டநடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

"யாருய்யா அது, கம்பெனியையே தூக்கி நிறுத்துற ஆளு?" என்றார் பெரியவர்.

மவுஸைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். இரண்டாவது மாடி ஸ்கேனர்.

காகிதத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அந்த மெஷின் தன் பேரிலேயே மெயில் அனுப்பும். எல்லாரும் ஸ்கேன் எடுக்கிறார்கள், ஆகவே எல்லாருக்கும் அதனோடு கோடு. சிரித்துத் தீர்த்தோம். அந்தச் சிரிப்பில் வலது கைப்பக்க மூலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே ஒரே ஒரு மெலிந்த கோட்டில் பட்டம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த புள்ளி, ஸ்டோர்ஸில் 26 வருஷமாக இருந்த அண்ணன். எந்த போல்ட் எந்த ரேக்கில், எந்த சப்ளையர் தீபாவளிக்கு முன்னால் கடன் கொடுப்பார், எந்த லாரி டிரைவரிடம் எப்படிப் பேசினால் வண்டி சாயங்காலத்துக்குள் வரும் என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. மெயிலில் இல்லை. பாஸ்வேர்டைக்கூட யாரிடமோ கேட்டுத்தான் போடுவார்.

யாரோ ஒருவர் அந்த மூலையைக் குறித்துக்கொண்டிருக்கிறார். நான்கு வாரம் கழித்து 'உபரி' என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் அண்ணன் பேர் இருந்தது. படத்தை வரைந்தவன் நான்.

இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கித் தின்கிறவனே சொல்கிறேன்: உஷார். தொடர்புகளைப் புள்ளியும் கோடுமாக வரைகிற படம் ஆராய்ச்சிக்காரர் மேஜையிலிருந்து எப்போதோ இறங்கி நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. ஜெஃபி என்று ஒரு மென்பொருள், காசே வேண்டாம், இறக்கிக்கொள்ளலாம். கல்லூரிப் பையன் ஒருவன் ஒரு ராத்திரியில் ஓர் ஊரையே வரைந்துவிடுவான். கம்பெனிகள் ஊழியர்களை வரைகின்றன. வழக்கு என்றால் போலீஸ் முதலில் கேட்பது சிடிஆர், அதாவது உங்கள் போனின் அழைப்புப் பதிவு. டிவியில் நான்கு போட்டோவைச் சிவப்புக் கோட்டால் இணைத்துவிட்டால் போதும், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர் தீர்ப்பை எழுதிவிடுகிறார். நூறு பக்கப் பட்டியலைக் கொடுத்தால் சந்தேகத்தோடு புரட்டுகிற மனுஷர், அதையே படமாகப் போட்டால் தலையாட்டிவிடுகிறார். என் பயமெல்லாம் அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான்.

அந்தப் புள்ளிகள் அங்கங்கே எப்படிப் போய் உட்காருகின்றன என்று பார்த்தவர்கள் குறைவு. ஒவ்வொரு கோட்டையும் ஒரு ஸ்பிரிங் என்று கணினி வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளைக் காந்தம் மாதிரித் தள்ளுகிறது. இழுப்பும் தள்ளலும் ஓயும்போது எது எங்கே நிற்கிறதோ அதுதான் படம். 1991ல் ஃப்ருக்டர்மனும் ரைன்கோல்டும் எழுதிய முறை இன்றைக்கும் பல மென்பொருள்களில் ஓடுகிறது. தொடங்கும்போது புள்ளிகளை இஷ்டத்துக்கு இறைத்துவிட்டுத்தான் தொடங்கும். ஆகவே பொத்தானை மறுபடி அழுத்தினால் மேலே இருந்தவர் கீழே, இடமிருந்தவர் வலம். மேலே இருக்கிறார் என்பதால் அவர் தலைவர் அல்ல. ஒருமுறை ஒரே கணக்கை மூன்று தடவை ஓட்டி மூன்று படமாக ஒட்டிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அதிகாரி "மூணாவது மாசம் நல்ல முன்னேற்றம்" என்றார். அவரைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிட மோசமான கண்கட்டு ஒன்று உண்டு. அதற்கு என்ரான் மெயில்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அந்த எரிசக்தி கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. விசாரணை நடத்திய மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஊழியர்களின் மெயில்களை 2003ல் பொதுவில் வைத்துவிட்டது. ஏறத்தாழ 150 பேரின் பெட்டிகள், சுமார் 5 லட்சம் மெயில்கள். தொடர்பு வலை வரையப் படித்தவர்களில் பாதிப்பேர் அதில்தான் கை பழகியிருப்பார்கள், நானும்தான். வரைந்து முடித்ததும் அந்த 150 பேர் நடுவில் ஜொலிப்பார்கள், மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் விளிம்பில் மணல் மாதிரி சிதறிக் கிடப்பார்கள். ஆகா, இவர்கள்தான் கம்பெனியின் இதயம் என்று தோன்றும். அவர்களில் பலர் பெரிய பதவிக்காரர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் நிற்பதற்கு அது காரணம் அல்ல. திறந்து பார்த்தது அவர்கள் பெட்டிகளை. மற்றவர்களின் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோமோ அந்த வீடுதான் தெருவுக்கு நடுவீடு.

இதை அப்படியே ஒரு வழக்குக்குக் கொண்டுவாருங்கள். சந்தேகப்பட்ட ஒருவருடைய அழைப்புப் பதிவை மட்டும் எடுத்து வரைந்தால் அவர் நடுவில்தான் வருவார். வேறெங்கும் வர முடியாது. அவர் போனில் வந்த எல்லாக் கோடும் அவரிடமிருந்துதானே கிளம்புகிறது? காய்கறிக்காரர் பதிவை எடுத்தாலும் காய்கறிக்காரர்தான் நடுநாயகம். "எல்லாத் தொடர்புக்கும் மையமாக இருந்தவர்" என்று செய்தியில் படித்தால், மற்ற எத்தனை பேர் பதிவுகளை எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சிடிஆர் என்பது பார்க்க சாதாரண எக்செல் ஷீட்தான். கூப்பிட்ட எண், போன எண், தேதி, நேரம், எத்தனை விநாடி, பேச்சு தொடங்கியபோது எந்த டவர், முடிந்தபோது எந்த டவர், கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண். என்ன பேசினார்கள் என்பது அதில் இல்லை. இந்த ஷீட் படமாவதற்கு முன்னால் நடக்கிற கூத்து வெளியே தெரியாது. ஒரே எண் ஓரிடத்தில் வெறும் பத்து இலக்கமாக இருக்கும், இன்னோர் இடத்தில் முன்னால் 91, வேறோர் இடத்தில் முன்னால் பூஜ்யம். சுத்தம் செய்யாமல் ஏற்றினால் ஓர் ஆள் மூன்று புள்ளி. ஐஎம்இஐ கதை இன்னும் ஆபத்து. அவ்வளவு நீள எண்ணை எக்செல் சுருக்கி, முதல் ஐந்தாறு இலக்கத்தை மட்டும் காட்டிப் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிடும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கம் போயே போச்சு. முதல் எட்டு இலக்கம் மாடலைக் குறிப்பது, ஒரே மாடல் போன்கள் பலவற்றுக்கு அது ஒன்றாகவே இருக்கும். விளைவு? ஒரே மாடல் வாங்கிய முன்பின் தெரியாத நாற்பது பேர், 'ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்ட கும்பல்' ஆகிவிடுவார்கள். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது பயிற்சி வகுப்பு.

இன்னொன்று, இந்தப் பதிவில் வாட்ஸ்அப் கால் எதுவும் வராது. டேட்டா ஓடியது என்பது வேறொரு பதிவில் இருக்கும், யாரிடம் பேசினார் என்பது இந்த ஷீட்டில் இருக்காது. ஆகவே நாள் முழுக்க வாட்ஸ்அப்பிலேயே பேசித் திரிகிறவர் படத்தில் ஒல்லிக்குச்சி. பட்டன் போனில் மகளையும் மருமகனையும் பால்காரரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற தாத்தா பெரிய தலை.

சரி, கோடு என்றால் என்ன? தொடர்பு. தொடர்பு என்றால்? 2013ல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை ஒரு சந்தேக எண்ணிலிருந்து மூன்று தாவல் வரை போய்ப் பார்க்கும் என்பது வெளியே வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் ஒபாமா அதை இரண்டாகக் குறைத்தார். ஒருவர் 40 பேரோடு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தாவலில் 1,600. மூன்றாம் தாவலில் 64,000. நம் பக்கத்து நகராட்சி ஒன்றின் மக்கள்தொகை! அதுவும் கணக்குக்குத்தான், நிஜத்தில் ஒரு பொது எண் நடுவில் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் மேயரும் பாட்ரிக் மட்ச்லரும் தாமாக முன்வந்தவர்களின் போன் பதிவுகளை வாங்கி ஆராய்ந்தார்கள். முன்பின் தெரியாத அந்த ஆட்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஒரே எண் வழியாக இணைந்திருந்தார்கள். அது எந்தச் சதிகாரன் எண்ணும் இல்லை. ஒரு போன் கம்பெனியின் வாய்ஸ்மெயில் எண். நமக்கு கேஸ் புக்கிங் எண், பேங்க் கஸ்டமர் கேர், ஊரில் உள்ள ஒரே குழந்தை டாக்டரின் கிளினிக். கிளினிக் எண்ணை நீக்காமல் வரைந்தால், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அப்பனும் தேடப்படுகிற குற்றவாளியும் இரண்டே தாவலில் சொந்தக்காரர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைத்தால் அஹமத் ஸைதான் கதையைக் கேளுங்கள். அல் ஜசீராவின் இஸ்லாமாபாத் செய்திப் பிரிவுத் தலைவராக இருந்தவர். பின் லேடனையே பேட்டி கண்டவர். எட்வர்ட் ஸ்னோடென் கசியவிட்ட ஆவணங்களிலிருந்து 2015 மே மாதம் 'தி இன்டர்செப்ட்' சிலவற்றை வெளியிட்டது. அதில் 'ஸ்கைநெட்' என்ற ஏற்பாட்டைப் பற்றிய விளக்கப் படங்கள் இருந்தன. பாகிஸ்தானில் 5.5 கோடிப் பேரின் போன் பதிவுகளை அலசி, யார் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்கிற ஒழுங்கை வைத்துத் தீவிரவாதிகளின் தூதுவர்களைப் பிடிப்பது திட்டம். அதிக மதிப்பெண் வாங்கி மேலே வந்த எண் ஸைதானுடையது. அல் காய்தா உறுப்பினர் என்றே அதில் குறித்திருந்தார்கள். அவர் அதை அடியோடு மறுத்தார். யோசித்துப் பாருங்கள்: பெஷாவர் போகிறார், லாகூர் போகிறார், ஆபத்தான ஆட்களோடு பேசுகிறார். தூதுவனும் அதைத்தான் செய்வான், நிருபரும் அதைத்தான் செய்வார். என்ன பேசினார் என்பது இல்லாத பதிவில் இருவரையும் பிரிக்க வழியே கிடையாது. தெருவில் அதிகம் பேரிடம் பேசுகிறவர் வட்டிக்காரராகவும் இருக்கலாம், தபால்காரராகவும் இருக்கலாம்.

அமெரிக்கா, பாகிஸ்தான், உளவு என்று தூரத்தில் தள்ளிவிட வேண்டாம். டென்மார்க் சின்ன நாடு, ஒழுங்கான நாடு என்று பேர் வாங்கிய நாடு. அங்கே 2019ல் நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன் கம்பெனிகள் கொடுக்கிற கச்சாப் பதிவைப் போலீஸ் ஒரு மென்பொருளில் போட்டு, நீதிமன்றத்தில் காட்டத் தக்க வடிவத்துக்கு மாற்றும். அந்த மாற்றுகிற இடத்தில் சில பதிவுகள் சத்தமில்லாமல் கழன்று விழுந்துகொண்டிருந்தன. பிறகு தோண்டத் தோண்ட வேறு பிழைகள்: போனைத் தப்பான டவரோடு சேர்த்திருந்தது, சில டவர்களின் இடமே தவறாகக் குறித்திருந்தது, ஒரே போனைத் தூரத்தில் உள்ள பல டவர்களோடு ஒரே நேரத்தில் இணைத்திருந்தது. கடைசியில் 2012 முதலான 10,700 வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. இரண்டு மாதத்துக்குப் போன் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கக் கூடாது என்று தலைமை அரசு வழக்கறிஞர் நிறுத்திவைத்தார். காவலில் இருந்த 32 பேர் வெளியே வந்தார்கள். ஏழு வருஷம்! அத்தனை வருஷமும் அந்தப் படங்கள் நீதிபதிகள் கண்முன்னால் சுத்தமாக, அழகாக, நம்பும்படியாகத்தான் இருந்திருக்கும். பதிவு கழன்று விழுந்தால் படத்தில் ஓட்டை தெரியாது. அங்கே கோடு இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் படங்களால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இல்லாவிட்டால் நானும் வேறு வேலைக்குப் போயிருப்பேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வால்டிஸ் கிரெப்ஸ் என்கிற ஆலோசகர் பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்து 19 விமானக் கடத்தல்காரர்களின் வலையை வரைந்தார். முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்த இருவரிலிருந்து இரண்டு தாவலுக்குள் மற்ற அத்தனை பேரும் வந்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அவர் தொடங்கும்போது 19 பேரும் யார் என்று உலகத்துக்கே தெரியும். அதே இருவரிலிருந்து செப்டம்பர் 10ஆம் தேதி இரண்டு தாவல் போயிருந்தால் வீட்டுக்காரர், கார் கடைக்காரர், விமானப் பயிற்சி வாத்தியார் என்று ஒரு பெருங்கூட்டம் வந்திருக்கும். நடந்து முடிந்த பிறகு வரைந்தால் கோடு எப்போதும் நேராகத்தான் வரும்.

நம் ஊர் நிலவரம் என்னவென்றால், அழைப்புப் பதிவுகளை டெலிகாம் நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் ஓராண்டாக இருந்தது. யார் கேட்டாலும் கிடைத்துவிடுமா என்றால் கூடாதுதான். ஆனால் 2013ல் அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லியின் பதிவுகளையே திருட்டுத்தனமாக எடுத்துவிட்டார்கள், டெல்லி போலீஸ்காரர் ஒருவரே அதில் சிக்கினார். நீங்களும் நானும் எம்மாத்திரம்? நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழ் பட்டியல் கணினியிலிருந்து முறையாக வந்தது என்பதைப் பற்றியது. பட்டியலை வைத்து ஒருவர் இழுத்த கோடு எதைக் குறிக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது.

ஆகவே, வீட்டுக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் வருகிற புள்ளி ஆள் அல்ல, சிம். உங்கள் பேரில் எடுத்த சிம்மைக் கொழுந்தனிடமோ கடைப் பையனிடமோ கொடுத்திருந்தால், அவன் பேசுகிற ஒவ்வொரு பேச்சுக்கும் புள்ளி நீங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால் உங்கள் பேரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். ஒருவர் பேரில் பொதுவாக 9 இணைப்பு வரை இருக்கலாம் என்பதால் எட்டு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பழைய ஜெராக்ஸ் கடையில் கொடுத்த ஆதார் நகல் ஞாபகம் வருகிறதா? இன்றைக்கே பாருங்கள்.

ஆபீஸில் யாராவது இப்படி ஒரு படத்தைத் திரையில் போட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை மாதக் கணக்கு? எத்தனை மெயில் போனால் ஒரு கோடு? குரூப் மெயிலை நீக்கியாயிற்றா? நேரில் பேசியது, டீக்கடையில் பேசியது எங்கே? கோடு போடுகிற அளவை ஐந்திலிருந்து பத்தாக்கினால் படம் எப்படி மாறுகிறது, இப்போதே மாற்றிக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். வரைந்தவர் முகம் மாறும். எனக்கு மாறும், தெரியும்.

அண்ணன் கிளம்புகிற அன்றைக்கு ஸ்டோர்ஸுக்குப் போனேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீ ஏதோ படம் போட்டியாமே. நான் எங்க இருந்தேன் அதுல?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து மூலையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நடுவில் இருந்த ஆரஞ்சுப் புள்ளியைக் காட்டி, "இது யாரு?" என்றார். சொன்னேன்.

"அதுவா?" என்று டிராயரைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். "அதுக்கு வாரா வாரம் பேப்பர் ரோலரைத் துடைக்கணும், இல்லன்னா சிக்கிக்கும். பதினோரு வருஷமா நான்தான் துடைச்சேன். இனிமே யாரைத் துடைக்கச் சொல்லுவீங்க?"